கண்ணும் காதும் போதும்: ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ விளையாடிய அனுபவம்

‘தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ என்ற வீடியோ விளையாட்டைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெரிய மரத்தின் வயிற்றுக்குள் போய் நிற்போம். டெக்கு மரம். காட்டுக்கே காவலாக இருந்தது, இப்போது சாபத்தில் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது. தரையின் நடுவில் ஒரு பள்ளம், அதை மூடித் தடித்த சிலந்தி வலை. வாளால் வெட்டினால் அறுவதில்லை. மேலே ஏறி நின்றால் கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். கூடவே பறந்துவரும் நாவி என்ற குட்டித் தேவதை, வலைக்குக் கீழே இடம் இருப்பதைக் காட்டும். எப்படிப் போவது என்று சொல்லாது.

வழி மேலே இருக்கிறது. கொடிகளைப் பிடித்து ஏறி, சுவரோரமாகச் சுற்றி, உச்சித் தளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் அதே வலை சின்ன வட்டமாகத் தெரியும். அங்கிருந்து குதித்தால் வலை கிழிந்து, அடியில் இருக்கும் தண்ணீரில் விழுவோம். இன்னும் ஆழத்தில் வேறொரு வலை குறுக்கே வரும். அங்கே உயரம் கைகொடுக்காது. ஒரு குச்சியைத் தீப்பந்தத்தில் பற்றவைத்துக் கொண்டுபோய் எரிக்க வேண்டும். ஒரே தடைதான், இடத்துக்கு இடம் விடை வேறு. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தவருக்கு வழி கிடைக்கும். முழு விளையாட்டும் இப்படித்தான் நடக்கப்போகிறது என்று முதல் இடத்திலேயே சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

இதை நான் மாணவியாக இருந்தபோது விளையாடினேன், வேலைக்குப் போன பிறகு விளையாடினேன். இப்போது அக்கா மகள் கன்ட்ரோலரைப் பிடித்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கு மிகவும் பிடித்திருப்பது இந்த மூன்றாவது முறைதான். அவள் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்பே வந்த விளையாட்டு. உருவங்கள் முனைமுனையாக இருக்கும், முகங்கள் அசையாது, எழுத்தைப் படித்துத்தான் கதை தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் அந்த வலையைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலே ஏறிப் பார்த்து, “சித்தி, இங்கேருந்து குதிச்சா என்ன ஆகும்?” என்று அவளாகவே கேட்டாள். “தெரியலையே, குதிச்சுப் பாரு” என்றேன். இத்தனை வருடம் கழித்தும் இந்த விளையாட்டு ஏன் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அவளுடைய அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. பார், யோசி, செய்து பார் என்று ஒரு குழந்தையை நம்பி விடுகிற விளையாட்டு இது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998 நவம்பர் 21 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 64 கன்சோலுக்காக வெளியானது. தயாரிப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ, இசை கோஜி கோண்டோ. அத்தனை பெரிய உலகமும் 32 மெகாபைட் கார்ட்ரிட்ஜில் அடங்கிவிட்டது. இன்று கைபேசியில் எடுக்கும் சில படங்கள் சேர்ந்தாலே அந்த அளவு வந்துவிடும். ஜப்பானின் ‘ஃபாமிட்சு’ இதழ் 40-க்கு 40 கொடுத்த முதல் விளையாட்டு இதுதான். விமர்சனங்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 99 மதிப்பெண். 2022-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் தன் உலக வீடியோ கேம் புகழ்க்கூடத்தில் இதைச் சேர்த்தது.

இந்தப் புகழ்ச்சியை எல்லாம் படித்துவிட்டு முதல்முறை தொடங்குகிறவர்களில் பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கைக்கு வரவேண்டிய விஷயம் கேமரா. இன்றைய விளையாட்டுகளைப் போல வலது குச்சியைத் திருப்பினால் காட்சி திரும்பாது. அசல் கன்ட்ரோலரில் அடிப்பக்கம் இருந்த இசட் பட்டனைத் தட்டினால் கேமரா, நாம் இயக்கும் நாயகன் லிங்கின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் அது இசட்எல். திரும்பும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டும் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. அடுத்தது, குதிக்கத் தனிப் பட்டன் கிடையாது. விளிம்பை நோக்கி நேராக ஓடினால் லிங்க் தானே தாவுவான். சாய்ந்து ஓடினால் விழுவான். ஆகவே தாவும் முன் நின்று, இசட் தட்டி, நேர் பார்த்துவிட்டு ஓடச் சொல்லுங்கள். அமைப்புகளில் குறிவைக்கும் முறை இரண்டு விதமாக இருக்கும்: ஒருமுறை அழுத்தினால் பிடித்துக்கொள்வது ஒன்று, அழுத்தியிருக்கும் வரை பிடித்திருப்பது மற்றொன்று. புதியவர்களுக்கு இரண்டாவது முறைதான் சரி என்பது என் எண்ணம். விரலை எடுத்ததும் பிடி விட்டுவிடும், குழப்பம் இல்லை.

இந்தக் குறிவைக்கும் முறை எப்படிப் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. முப்பரிமாண உலகத்தில் வாளை வீசினால் எதிரி மேல் படுவதே கஷ்டமாக இருந்த காலம் அது. உருவாக்கியவர்கள் கியோட்டோவில் இருக்கும் டோயி சினிமாப் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு நிஞ்ஜா சண்டைக் காட்சி. பலர் ஒருவனைச் சூழ்ந்து நின்றாலும் ஒருநேரத்தில் ஒருவர்தான் பாய்கிறார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை யோஷியாக்கி கொய்சூமி கவனித்தார். தோரு ஒசாவா கவனித்தது வேறு. சங்கிலி கட்டிய அரிவாளால் ஒருவன் எதிரியின் கையைச் சுற்றி இழுக்க, அவன் அந்தச் சங்கிலியின் நீளத்தில் எதிரியைச் சுற்றி வட்டமடித்தான். அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் எப்படி இருக்கும்? விளையாட்டில் எதிரியைக் குறிவைத்ததும் லிங்க் அவனைச் சுற்றி வட்டமாக நகர்வது அங்கிருந்து வந்தது. யாரைக் குறிவைத்திருக்கிறோம் என்று காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது. வெறும் முக்கோணமாகப் போட்டால் சப்பென்று இருக்கும் என்று கொய்சூமி அதை ஒரு தேவதையாக்கினார். அதுதான் நாவி. இன்று மூன்றாம் நபர் பார்வையில் வரும் பெரும்பாலான சண்டை விளையாட்டுகளில் இதே முறையின் சாயல் இருக்கிறது.

அக்கா மகளுக்கு நான் வைத்திருக்கும் ஒரே சட்டம்: குறிவைத்த பிறகு, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு, எதிரி ஒருமுறை தாக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவன் எப்போது தாக்குகிறான், தாக்கிய பிறகு எவ்வளவு நேரம் திறந்து நிற்கிறான் என்று பார்த்துவிட்டால் சண்டை பாதி முடிந்த மாதிரி. எலும்புக்கூடு வீரனான ஸ்டால்ஃபாஸ் முன் அவசரப்படுகிறவர்கள் அடிவாங்குவார்கள், பொறுமையாக நிற்பவர்கள் ஜெயிப்பார்கள்.

கேடயம் என்றதும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த விளையாட்டு பாடம் நடத்துகிற அழகு இதில் முழுமையாகத் தெரியும். தொடக்கத்தில், காட்டுக்குள் டெக்கு ஸ்க்ரப் என்ற செடி ஜந்துக்கள் கொட்டைகளைத் துப்பும். கேடயத்தைப் பிடித்து நின்றால் கொட்டை திரும்பிப் போய் அதன் மேலேயே படும். கொஞ்சம் கழித்து நீரோரங்களில் ஆக்டோரோக் கல் துப்பும், அதே வித்தை. பல மணி நேரம் கழித்து, லிங்க் வளர்ந்த பிறகு, ஃபாரஸ்ட் டெம்பிளின் முடிவில் ஒரு மாய உருவம் மின்னல் உருண்டைகளை வீசும். இப்போது வாளால் திருப்பி அடிக்க வேண்டும். அதுவும் திருப்பி அடிக்கும், பந்தாட்டம் மாதிரி வேகம் ஏறும். கடைசியில், கோபுர உச்சியில், கதையின் வில்லன் கானன்டார்ஃப் அதே உருண்டையைக் கையில் திரட்டும்போது யாரும் எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை. விரல்களுக்கே தெரியும். அந்த உருண்டையைக் காலிக் கண்ணாடி பாட்டிலை வீசியும் திருப்பி அடிக்கலாம் என்று தெரியவந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

அதே டெக்கு மரத்துக்குள் ஒரு ஸ்க்ரப்பைப் பிடித்தால், பின்னால் வரப்போகும் மூவரை இரண்டு, மூன்று, ஒன்று என்ற வரிசையில் அடிக்க வேண்டும் என்று உளறிவிடும். அந்த வரிசை திரையில் எங்கும் பதிவாகி இருக்காது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் காட்டும் வசதியே இதில் கிடையாது. ஆகவே பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். யார் என்ன சொன்னார்கள், எந்தக் கதவு பூட்டியிருந்தது, எந்தப் பாறையை நகர்த்த முடியவில்லை என்று ஒவ்வொரு வரியாக எழுதினால் போதும். அக்கா மகளின் நோட்டில் இப்போது எழுத்தை விடப் படங்கள் அதிகம். தடை வந்தால் முதலில் கைபேசியைத் தேடாமல் அந்த நோட்டைப் புரட்டுகிறாள். முழு வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாக விளையாடுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். கதை தெரிந்துவிடுமே என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த விளையாட்டு கொடுக்கும் மகிழ்ச்சி எல்லாம் “அட!” என்று நாமே கண்டுபிடிக்கும் கணத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டி அதை எடுத்துக்கொண்டு வெறும் நடையை மட்டும் நம்மிடம் விட்டுவிடும்.

இனி காது. ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு இதை விளையாடக் கூடாது. லாஸ்ட் வுட்ஸ் என்ற காட்டில் எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும், தவறான வாயிலில் நுழைந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். வாயில்களின் முன் நின்று கேட்டால், சரியான வழியில் இருந்து மட்டும் பாட்டு உரக்க வரும். லிங்கின் தோழி சாரியா அந்தக் காட்டின் முடிவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும் பாட்டு அது. பிறகு அதே பாட்டை மலையில் இருக்கும் கோரோன் என்ற இனத்தின் தலைவன் டருனியா முன் வாசித்தால், சோகத்தில் இருந்தவன் எழுந்து ஆட ஆரம்பித்துவிடுவான். ஒரு மெட்டு வழிகாட்டியாகவும் திறவுகோலாகவும் தோழியின் நினைவாகவும் வேலை செய்கிறது.

சுவரில் இரகசிய வழி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வாளால் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும், அங்கே குண்டு வைக்கலாம். இரவில் சுவரோரம் சரசரவென்று கேட்டால் பக்கத்தில் தங்கச் சிலந்தி இருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் 100 தங்கச் சிலந்திகள். எல்லாவற்றையும் பிடித்தே ஆகவேண்டும் என்று தொடங்காதீர்கள், கண்ணில் பட்டதைப் பிடித்தால் போதும். நாவி பச்சை நிறத்தில் மாறி ஓரிடத்தில் வட்டமடித்தால் அங்கே லிங்கின் ஊதுகருவியான ஒக்கரினாவை எடுத்து வாசித்துப் பார்க்கலாம்.

ஒக்கரினாவில் ஐந்தே ஐந்து சுரங்கள், ஐந்து பட்டன்கள். அந்த ஐந்தை வைத்துத்தான் கோஜி கோண்டோ எல்லா மெட்டுகளையும் அமைத்தார். பெரும்பாலானவை ஆறு சுரத்தில் முடிந்துவிடும். சூரியனை வரவழைக்கும் பாட்டு, மழையைக் கொண்டுவரும் பாட்டு, குதிரையைக் கூப்பிடும் பாட்டு என்று ஒவ்வொன்றையும் நம் விரல்தான் வாசிக்கிறது. அதனால்தான் அவை நினைவில் தங்குகின்றன என்று நினைக்கிறேன். பல வருடம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பியபோது எனக்குப் பாதி வழிகள் மறந்திருந்தன, குதிரை எபோனாவின் பாட்டு மறக்கவில்லை. கதை நடக்கும் ஹைரூல் நாட்டின் திறந்த வெளியில் நடக்கும்போது ஒலிக்கும் இசையையும் கவனியுங்கள். எட்டு எட்டு அளவுகளாக எழுதிய துண்டுகள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வரும். நாம் அசையாமல் நின்றால் இசை அமைதியாகிவிடும், எதிரி நெருங்கினால் இறுகும். பொழுது சாய்ந்தால் இசை நின்று இரவின் ஒலிகள் மட்டும் இருக்கும். சிறுவன் லிங்காக அந்த நேரத்தில் வெளியில் மாட்டிக்கொண்டால் மண்ணுக்குள் இருந்து எலும்புக்கூடுகள் எழும். கோட்டையின் பாலமும் தூக்கப்பட்டுவிடும். முதல் இரவில் அக்கா மகள் அகழிக்கு அருகே விடியும் வரை ஓடிக்கொண்டே இருந்தாள். சேவல் கூவி, பாலம் இறங்கியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வாட்டர் டெம்பிளைப் பற்றிப் பேசாமல் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது. ஏரிக்கு அடியில் ஒரு கோயில். உள்ளே தண்ணீரின் மட்டம் மூன்று நிலைகளில் நிற்கும். குறிப்பிட்ட மூன்று இடங்களில் இளவரசி ஸெல்டாவின் தாலாட்டை வாசித்து மட்டத்தை மாற்ற வேண்டும். ஒரு அறை உயர்ந்த நீரில் எட்டாத இடத்தில் இருக்கும், இடைமட்டத்தில் வாசலாகும், வற்றிய நிலையில் பள்ளமாகும். இரும்புக் காலணியைப் போட்டால் மூழ்கலாம், கழற்றினால் மிதக்கலாம். அசல் பதிப்பில் ஒவ்வொரு முறையும் விளையாட்டை நிறுத்தி, உடை மாற்றும் பக்கத்துக்குப் போய் மாட்டிக் கழற்ற வேண்டும். இதை வடிவமைத்த எய்ஜி அவோனுமாவே பிற்காலத்தில் இதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். 2011-இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு வந்த மறு உருவாக்கத்தில் காலணியை ஒரே தட்டில் மாட்டும்படி செய்தார்கள். நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டச் சுவர்களில் நிறப் பட்டைகளும் வரைந்தார்கள்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: காலணிச் சிரமத்தைக் கழித்துவிட்டால், இந்த விளையாட்டிலேயே மிக அழகாக யோசித்துக் கட்டிய இடம் வாட்டர் டெம்பிள்தான். ஒரு கட்டடத்தை முழுக்க மனதில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மாட்டிக்கொள்கிறவர்கள் அனேகமாக ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நடுக்கோபுரத்துக்குள் நீரை இடைமட்டத்துக்கு ஏற்றியதும், அங்கே இருந்த ஒரு கட்டை தண்ணீரோடு சேர்ந்து மேலே மிதந்துவிடும். அது மூடியிருந்த இடத்தில் இப்போது ஒரு குழி திறந்திருக்கும், சாவி அதன் கீழே. பாட்டை வாசித்த உற்சாகத்தில் மேலே கிளம்பிவிடுகிறவர்கள் அடிப்பக்கம் பார்ப்பதில்லை. இங்கே நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள், ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒன்று. எந்த மட்டத்தில் எந்த வாசலுக்குப் போனோம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சாவி குறைகிறது என்றால் குறிக்காத கட்டத்தில்தான் இருக்கும். இப்படிப் புதிரும் எதிரிகளும் நிறைந்த இடத்தை டஞ்சன் என்பார்கள்; ஒரு டஞ்சனின் சிறு சாவி, கடைசிக் கதவைத் தவிர அந்த டஞ்சனின் எந்தப் பூட்டையும் திறக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சாவியை ஏதோ ஒரு கதவில் வீணடித்துவிட்டோமோ என்ற பயம் தேவையில்லை.

அதே கோயிலில் ஒரு அறை உண்டு. கதவைத் திறந்தால் சுவர்களே இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர், மூடுபனி, நடுவில் ஒற்றை மரம். எதிர்ப்பக்கக் கதவு பூட்டியிருக்கும். திரும்பி வந்தால் மரத்தடியில் நம் நிழல் நமக்கு எதிரே நிற்கும். நாம் செய்வதை எல்லாம் அதுவும் செய்யும். இத்தனை பொருட்களை வைத்து இத்தனை புதிர்கள் செய்தவர்கள், அந்த இடத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு மரத்தை மட்டும் விட்டு வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எந்தப் பதிப்பில் விளையாடுவது? இன்று எளிதில் கிடைப்பது, ஸ்விட்ச் ஆன்லைன் என்ற சந்தா சேவையின் விரிவாக்கத் திட்டத்தில் 2021 அக்டோபரில் வந்த அசல் பதிப்புதான். 3டிஎஸ் பதிப்பு பார்க்கவும் விளையாடவும் இன்னும் இதமானது. அசலில் நொடிக்கு 20 காட்சிகள், இதில் 30. பொருட்கள் தொடுதிரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அந்தக் கருவியின் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடிவிட்டது, கார்ட்ரிட்ஜ் தேடித்தான் வாங்க வேண்டும். இரண்டில் எது கையில் இருக்கிறதோ அதில் தொடங்குங்கள், காத்திருக்க வேண்டாம். சேமிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: டஞ்சனுக்குள் சேமித்தால் திரும்ப வரும்போது அதன் வாசலில் இருப்போம். வெளியுலகில் எங்கே சேமித்தாலும் சிறுவன் தன் வீட்டிலும், பெரியவன் டெம்பிள் ஆஃப் டைமிலும்தான் கண் விழிப்பான். ஸ்விட்சில் நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, குழந்தைகளோடு விளையாடும்போது அது பெரிய உதவி. காலி பாட்டில் கிடைத்ததும் அதில் ஒரு தேவதையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உயிர் போகும் நேரத்தில் அதுவே திறந்து காப்பாற்றிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாஸ்டர் வாளை உருவும் முன் லான் லான் பண்ணைக்குப் போய் மாலனிடம் எபோனாவின் பாட்டைக் கற்றுக்கொண்டு விடுங்கள். வாளை உருவினால் ஏழு வருடம் போய்விடும், லிங்க் பெரியவனாகிவிடுவான். ஃபாரஸ்ட் டெம்பிளை முடித்த பிறகுதான் மறுபடி சிறுவனாகத் திரும்ப முடியும். பாட்டு தெரியாவிட்டால் அதுவரை குதிரை கிடையாது.

அந்த ஏழு வருடம்தான் இந்த விளையாட்டின் உயிர். முதலில் பெரியவன் லிங்க் மட்டும்தான் திட்டத்தில் இருந்தானாம். சிறுவனாகவும் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறகு வந்தது, அந்த ஆசைக்காகவே காலப் பயணக் கதை உருவானது. கிடைத்த பலன் ஆசைப்பட்டதைவிடப் பெரியது. சிறுவனாக நாம் ஓடித் திரிந்த சந்தையில் ஒரு ஜோடி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும், நாய்கள் பின்னாலேயே வரும். கண் விழித்து வெளியே வந்தால் அதே சந்தை இடிந்து கிடக்கும், நடுவில் நடைபிணங்கள் நிற்கும். அக்கா மகள் அங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். “எல்லாரும் செத்துட்டாங்களா சித்தி?” என்றாள். “ககாரிக்கோவுக்குப் போய்ப் பாரு” என்றேன். அந்த ஊரில் சந்தைக்காரர்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி, தெரிந்த முகங்களை எண்ணினாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, செய்ததற்குப் பரிசும் கிடையாது.

மீடோ என்றொரு பையன். தொடக்கத்தில் வழியை மறித்துக்கொண்டு, வாளும் கேடயமும் இல்லாமல் விடமாட்டேன் என்று அதட்டுவான். அவனைப் போன்ற, காட்டில் வாழும் கோக்கிரிக் குழந்தைகள் வளர்வதில்லை. ஏழு வருடம் கழித்து அதே உயரத்தில், இப்போது காட்டுக்குள் ஒரு வழியை மறித்து நிற்பான். முன்னால் நிற்கும் இளைஞன் யார் என்று அவனுக்குத் தெரியாது. சாரியாவின் பாட்டை வாசித்தால் இவன் அவளுக்கு வேண்டியவன் என்று நம்பி வழிவிடுவான். பின்னொரு சமயம், லிங்க் என்ற பையனைப் பார்த்தால் அவனிடம் தான் மோசமாக நடந்துகொண்டதற்கு வருந்துவதாகச் சொல்லும்படி லிங்கிடமே கேட்டுக்கொள்வான். நாம் பதில் சொல்ல விளையாட்டில் இடமில்லை. மாணவியாக இருந்தபோது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது முடிவதில்லை. திரையில் இருக்கும் வரிகள் அன்று இருந்தவையேதான்.

ககாரிக்கோவின் காற்றாலையில் ஒருவன் பெட்டியைச் சுழற்றி வாசித்துக்கொண்டிருப்பான். ஏழு வருடம் முன்பு ஒரு ஒக்கரினாச் சிறுவன் வந்து வாசித்த பாட்டு எல்லாவற்றையும் குழப்பிவிட்டது என்று கோபமாகச் சொல்லி, அந்தப் புயல் பாட்டை நமக்கு வாசித்துக் காட்டுவான். அதைக் கற்றுக்கொண்டு, காலத்தில் பின்னால் போய், அதே காற்றாலையில் வாசிக்கும்போதுதான் அந்தச் சிறுவன் யார் என்று நமக்கு உறைக்கும். அப்படியானால் பாட்டை முதலில் உண்டாக்கியது யார்? அக்கா மகள் இதை வைத்து இரண்டு நாளாக என்னோடு வாதம் செய்கிறாள். பாட்டை வாசித்ததும் ஊர்க் கிணறு வற்றி அடியில் வழி திறக்கும். சின்னக் குழந்தைகளோடு விளையாடுகிறவர்கள் இங்கே கட்டாயம் பக்கத்தில் இருங்கள். இந்த விளையாட்டில் மிகவும் பயமுறுத்தும் இடம் அந்தக் கிணற்றடிதான். தரை போலத் தெரிவது தரை இல்லை, சுவர் போலத் தெரிவது சுவர் இல்லை. உண்மையைக் காட்டும் கண்ணாடி உள்ளேதான் இருக்கிறது, அதை எடுத்தே ஆகவேண்டும். நாங்கள் பகலில், அறை விளக்கைப் போட்டுக்கொண்டு முடித்தோம்.

இப்போது அவள் பாலைவனத்தைத் தாண்டி ஸ்பிரிட் டெம்பிளுக்கு வந்திருக்கிறாள். வளர்ந்த லிங்காக உள்ளே போனால் ஒரு பக்கம் பெரிய கல், எவ்வளவு தள்ளினாலும் நகராது. மறுபக்கம் ஒரு துளை, அவன் உடம்பு நுழையாது. வாசலருகே பாம்புச் சிலைகளில் ஒன்று, கடந்த காலத்துக்குப் போக வேண்டுமானால் குழந்தையின் தூய மனதோடு திரும்பி வா என்கிறது. எதிர்காலத்துக்குப் போகக் கடந்த காலத்தின் வெள்ளி பலத்தோடு வா என்கிறது இன்னொன்று. அவள் இரண்டையும் நோட்டில் எழுதினாள். துளையின் முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது சின்ன லிங்குக்குத்தானே சித்தி? அவன் உள்ளே போய் ஏதாவது எடுத்துக் குடுத்தா இவன் கல்லைத் தள்ளிடுவான்.” நான் எதுவும் சொல்லும் முன்பே அவள் கோயிலை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். அங்கே மணலில், வழியில் அவ்வப்போது வந்து பாட்டுக் கற்றுத்தரும் ஷீக் ஒரு புதுப் பாட்டோடு அவளுக்காகக் காத்திருந்தான்.